முப்பத்தோராம் எண்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் இருமல் நின்றதா என்று முதல் வரியிலேயே எழுது, மற்றதெல்லாம் அப்புறம். உன் சுரங்கப்பாதை முகாமில் தொலைபேசி எஞ்சினியர் அறையில் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு நீ "சரி, சரி" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. இங்கேயோ நான் பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பா பக்கத்திலிருந்து "என்னவாம்?" என்கிறார். அதனால் கடிதமே மேல்.

அப்பாவின் முழங்கால் பழையபடிதான். மாடிப்படி பத்தொன்பதையும் இறங்கி ஏறுவது வாரத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் ஜன்னலோரம் நாற்காலி. பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த பழக்கம் விடவில்லை. "கீழ் வீட்டுப் பொண்ணு இன்னிக்கு ஏழு நிமிஷம் லேட்டு" என்றார் நேற்று. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் தையல் மெஷினைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் தொடாமல் இருந்தாள்.

எனக்குப் பல்கலைக்கழகத்திலேயே வேறு பிரிவுக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. ஓர் ஆய்வு. இருபத்திரண்டிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்கள், அதாவது உன் வயதுக்காரர்கள், தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அதற்கு இப்போதே ஏதாவது திட்டம் வைத்திருக்கிறார்களா என்று நாலு பேர் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுக்கிறார்கள். பேசியதைத் தட்டச்சு செய்து எங்களிடம் அனுப்புகிறார்கள். நான் படித்துப் படித்து ஓரத்தில் 'பயம்', 'வீடு', 'உடம்பு', 'யார் பார்ப்பார்கள்' என்று குறிக்க வேண்டும். "எழுபது வயதில் உங்கள் ஒரு நாள் காலை எப்படி இருக்கும்?" என்பது முதல் கேள்வி. ஒருவன், "அப்பவும் எனக்கு லீவு கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறான்.

நீ என்ன சொல்வாய்? உன் எழுபதாவது வயதில் எங்கே இருப்பாய்? எழுது.

அம்மாவும் அப்பாவும் விசாரித்தார்கள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. முதல் வரியில் எழுதிவிட்டேன். உங்கள் மூவருக்கும் குறையொன்றும் இல்லையென்று அறிந்து நிம்மதி.

இங்கே வேலை மும்முரம். சுரங்கம் எந்தத் திசையில் போகிறது என்று அளந்து சொல்வது எங்கள் நாலு பேரின் பொறுப்பு. மலையின் அந்தப் பக்கமிருந்து இன்னொரு குழு குடைந்துகொண்டு வருகிறது. இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். ஒரு சாண் தப்பினாலும் எஞ்சினியர் எங்களை உள்ளேயே வைத்து மூடிவிடுவார் என்று சமையல்காரர் பயமுறுத்துகிறார்.

உன் புது வேலையைப் பற்றிப் படித்தேன். அந்தத் தாள்களில் பேசினவர்களின் பேர் இருக்குமா? எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம்? பேசின குரலை நீயும் கேட்பாயா, எழுத்தில் மட்டும்தான் வருமா? எல்லாவற்றையும் நீயே படிப்பாயா, பிரித்துக் கொடுப்பார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

எழுபது வயதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தப் பாறை விட்டுவைத்தால் பார்க்கலாம்.

அப்பாவைப் படியில் தனியாக இறங்கவிடாதே.

தம்பி


பிப்ரவரி 7

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. நான் கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பதில் அரை வரி. நீ கேட்டது ஐந்து கேள்வி. அதை மறுபடி மறுபடி படித்தேன்.

உன் கேள்விகளுக்கு முதலில் பதில். பேர் இருக்காது, ஊர் இருக்காது, குரல் வராது. எண் மட்டும்தான். என் மேசைக்கு எது வருகிறதோ அதை நான் படிப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை முப்பத்தோராம் எண் வந்தது. பாதிதான் வந்திருக்கிறது, மீதி இன்னும் தட்டச்சில் இருக்கிறதாம். இதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் உனக்கு எழுதுகிறேன். ஏன் என்று உனக்கே புரியும்.

"எழுபது வயசுல நான் எங்க இருப்பேன்னு தெரியல. ஆனா அப்பா அம்மாவுக்கு இன்னும் வயசானா எங்க இருப்பாங்கன்னு தெரியும். அக்கா கூட. அப்பாவுக்கு முழங்கால், அம்மாவுக்குக் கண்ணு. எங்களுக்கு மாடி வீடு வேற. அக்காதான் பார்த்துக்கறா. இதை யாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணல. அவகிட்ட கேக்கவும் இல்ல. அவ எங்கயும் போகமாட்டா. போக முடியாத மாதிரி ஆயிடுச்சு."

பேட்டி எடுத்தவர் கேட்கிறார்: "ஆயிடுச்சா, ஆக்கிட்டீங்களா?"

பதில் இவ்வளவுதான்: "அடுத்த கேள்வி கேளுங்க."

இதற்கு ஓரத்தில் நான் என்ன குறிப்பது? பென்சிலை வைத்துவிட்டேன். எதிர் மேசைக்காரியிடம் காட்டினேன். அவள், "முழங்கால் வலி இல்லாத அப்பா எந்த வீட்டுல இருக்கார்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படியேறும்போது சிரிப்பு வரவில்லை.

உன் முகாமுக்குப் பேட்டி எடுக்க யாராவது வந்தார்களா?

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். பதில் தாமதமானதற்குச் சாமான் வண்டிதான் காரணம். மழையில் பாதை சரிந்து பத்து நாள் வரவில்லை. தபால் அதில்தான் போகும் என்பது உனக்குத் தெரியும்.

இங்கே யாரும் வரவில்லை. வந்தாலும் எங்களிடம் என்ன இருக்கிறது கேட்க? முப்பத்தோராம் எண் யாரோ எவரோ. உன் எதிர் மேசைக்காரி சொன்னது சரி. எல்லா வீட்டிலும் ஓர் அக்கா இருக்கிறாள். நீ வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

அப்புறம், அந்தத் தாளில் வேறு ஏதாவது இருந்ததா? நீ எழுதினது மட்டும்தானா?

அம்மாவின் கண்ணைக் கவனி. புழுதியில் போகவிடாதே.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

நலம். நீயும் நலமென்று எழுதியிருக்கிறாய், அதையாவது நம்புகிறேன்.

பேட்டி எடுக்கிறவர்களின் பயணப் பட்டியல் எங்கள் அறை அலமாரியில் இருக்கிறது. நான் பார்க்கக்கூடாத அலமாரி. ஆய்வை நடத்தும் பேராசிரியை கூட்டத்துக்குப் போயிருந்தபோது பார்த்தேன். போன டிசம்பர் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய இரண்டு நாளும் அவர்கள் உன் முகாமில் தங்கியிருக்கிறார்கள். ஒன்பது பேரிடம் பேசியிருக்கிறார்கள். உன் சமையல்காரர் கையால் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஏன் பொய் சொன்னாய்?

நீ பேட்டி கொடுத்தது தப்பில்லை. நானே உன்னைக் கேட்டேன் அல்லவா. கொடுத்ததை மறைத்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஜாடையாகக் கேட்டேன்.

"நான் இங்கயே இருந்துடணும்னு நீங்க யாராவது பேசி வெச்சிருக்கீங்களாம்மா?"

"நீ எங்க போகப்போற?" என்றாள். "ஊசியில நூல் கோத்துக் குடு, எனக்குத் தெரியல."

நூலைக் கோத்துக் கொடுத்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பா ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார், மறுபடி தெருவைப் பார்த்தார். இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதோ என்று தேடுகிறேன். அப்பா "டீ இருக்கா?" என்று கேட்டால்கூட அதை இரண்டு தரம் யோசிக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எனக்கு முப்பத்திநாலு வயது. என்னைப் பற்றி இந்த வீட்டில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள் என்றால் அது எப்போது, எப்படி நடந்தது என்று தெரிய வேண்டாமா? எல்லாம் என் மேசை மேல்தான் இருக்கிறது. நான் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நீயே உன் வாயால் சொல்வது நல்லது.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நீ படித்துவிட்டாய். படித்துவிட்டு நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறாய். இனிப் பூசி மெழுக ஒன்றும் இல்லை, சொல்கிறேன்.

பேட்டி கொடுத்தது நான்தான். என் எண் முப்பத்தொன்று என்று எனக்குத் தெரியாது. வந்தவர் நல்ல மனிதர். நிதானமாகக் கேட்டார். அவர் உன் பல்கலைக்கழகத்து ஆள் என்பது எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. "உங்க எதிர்காலத்துக்காக நீங்க போட்ட முதல் திட்டம் எது?" என்று கேட்டார். யாரென்றே தெரியாத ஆள், நாளைக்குப் போய்விடுவார் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அப்பா படியில் விழுந்து காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த சமயம். நீ அந்த வெளியூர் ஆராய்ச்சி நிலையத்து வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாய். தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "தபால் ஏதாவது வந்துச்சாடா?" என்று கேட்பாய்.

வந்தது, அக்கா. பதிவுத் தபால். ஒரு வியாழக்கிழமை. நீ வீட்டில் இல்லை, அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உனக்கு முன்னால் நல்ல சேதியை நான் படிக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் பிரித்தேன், அது நிஜம். உன்னை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது நாளில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு நில அளவைப் பயிற்சியில் இடம் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீ முதலில் போய்விட்டால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் இருக்க வேண்டும். இருக்கச் சொல்வார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வீட்டிலிருந்து வெளியே போவதற்கு ஒரே ஒரு வாசல்தான் இருப்பதுபோல் தோன்றியது. அதில் ஒருவர்தான் போக முடியும்.

சாயங்காலம் நீ வந்தாய். "வந்துச்சாடா?" என்றாய்.

"இல்லக்கா" என்றேன்.

மறுநாள் அதைக் கிழித்துத் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதற்குப் பிறகும் பதினைந்து நாள் நீ கேட்டாய், நானும் பதினைந்து நாள் இல்லையென்றேன். பதினாறாவது நாள் நீ கேட்கவில்லை. நான் பயிற்சிக்குப் போனேன். நீதான் என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாய்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இது தெரியாது. அவர்கள் மேல் சந்தேகப்படாதே.

வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி


மார்ச் 30

என் அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நலமாக இருக்க வேண்டும், என்மேல் கோபமில்லாமலும் இருக்க வேண்டும்.

தப்பு என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. இன்று காலை முப்பத்தோராம் எண்ணின் மீதிப் பக்கங்கள் வந்தன. நாலாவது வரியில், "கல்யாணமாகி நான் இங்க வந்தப்புறம்" என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் மாமியார். அதற்கடுத்த பக்கத்தில் இரண்டாவது பிரசவம். முப்பத்தொன்று ஒரு பெண், தம்பி. தமிழில் 'நான்' என்று சொன்னால் ஆணா பெண்ணா என்று யார் கண்டது? நான் என் இஷ்டத்துக்கு உன் முகத்தை ஒட்டவைத்துவிட்டேன்.

எதிர் மேசைக்காரி என்னை வைத்து அரைமணி நேரம் சிரித்தாள். "பாவம் உன் தம்பி, எந்த ஊர்ல எவ பேசினதுக்கோ திட்டு வாங்கறான்" என்றாள்.

நீ பேட்டி கொடுத்ததை மறைத்தது இப்போது விளையாட்டாகத் தோன்றுகிறது. அக்கா கண்ணில் படுமே என்று கூச்சப்பட்டிருப்பாய். நீ என்ன சொல்லியிருந்தாலும் சரி, எனக்குத் தெரிய வேண்டாம். முகாமில் பேசினது மாதிரி எதுவும் இதுவரை என் மேசைக்கு வரவில்லை. வந்தாலும் வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன். போன கடிதத்தில் எல்லாம் என் மேசை மேல் இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா, அது வெறும் மிரட்டல். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இரண்டு மாதமாக இந்த வீட்டில் உளவுக்காரி மாதிரி வாழ்ந்துவிட்டேன். இன்றைக்கு அம்மாவுக்கு நானே தலை வாரிவிட்டேன். "என்னடி திடீர்னு?" என்றாள்.

லீவு கிடைத்தால் ஒரு நடை வா.

உன்னை நம்பாமல் போன,
அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் முப்பதாம் தேதிக் கடிதம் இன்று வண்டியில் வந்தது. நான் இருபத்தொன்பதாம் தேதி எழுதினது போன வண்டியில் போய்விட்டது. இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

அது உனக்கு இன்னும் வராமல் இருந்தால், வந்தும் பிரிக்காமல் இருந்தால், அப்படியே திருப்பி அனுப்பிவிடு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். மறுபடி உன் பேரில் வந்த கடிதத்தை நீ படிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். எட்டு வருஷத்தில் நான் ஒன்றும் மாறவில்லை. அந்த வரியை அடிக்கப்போவதில்லை, நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும்.

பிரித்துப் படி.

தம்பி


மே 16

தம்பிக்கு,

அப்பா, அம்மா இருவரும் நலம். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று.

இரண்டு கடிதமும் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. முதல் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் நின்று பிரித்தேன். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உன்னைத் திட்டி ஏழெட்டுக் கடிதம் எழுதினேன். எதையும் அனுப்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அது இல்லை. அதை நீ அறிந்திருக்க வழியும் இல்லை. அந்த நிலையத்திலிருந்து பதிலே வராமல் போனதும் நான் என்ன நினைத்துக்கொண்டேன் தெரியுமா? எனக்கு அவ்வளவுதான் தகுதி என்று. பதில் எழுதக்கூட லாயக்கில்லாத ஆள் என்று. அதற்குப் பிறகு நான் எங்கேயும் விண்ணப்பம் போடவில்லை. ஒரு இடத்துக்குக்கூட. எட்டு வருஷமாக என்னைவிடச் சின்னவர்களுக்கு விண்ணப்பம் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ கிழித்தது ஒரு தாள். எனக்கு என்மேல் இருந்த எண்ணமும் அதோடு போயிற்று.

பேராசிரியையிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். எண்ணை வைத்து ஆளைத் தேடியது, உனக்கு எழுதியது, அலமாரியைத் திறந்தது எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பேசறவங்க நம்மளை நம்பித்தான் பேசறாங்க. உங்களை இந்த அறையில வெச்சுக்க முடியாது."

"தெரியும் மேடம்."

"நீங்களா வந்து சொன்னீங்க, அதனால வேலையை விட்டு அனுப்பல. அடுத்த கட்டம் ஆரம்பிக்குது. அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்க. சின்ன வயசுல என்ன நினைச்சாங்க, என்ன நடந்துச்சுன்னு. பேட்டிக்கு ஆள் வேணும். எட்டு மணி நேரப் பயணம், ரெண்டு வருஷம் அங்கேயே தங்கணும். போறீங்களா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. "போறேன்" என்றேன்.

ஜூன் ஐந்தாம் தேதி நான் கிளம்புகிறேன். இரண்டாம் தேதி நீ இங்கே இருக்க வேண்டும். இதை நான் கேள்வியாக எழுதவில்லை. அம்மாவின் சொட்டு மருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அப்பா குளிக்க முக்காலி வேண்டும், கதவைத் தாழ் போடவிடாதே. மற்றதை வந்தபின் சொல்கிறேன்.

அவர்களிடம் எனக்கு வேலை மாற்றல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் பேட்டியையும் நான் படிக்கவில்லை.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் அப்பாவும் சுகம். உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நீ கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளும் என்னோடு மருந்தைப் பற்றியும் முக்காலியைப் பற்றியும் மட்டுமே பேசினாய். அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

சுரங்கத்தின் இரண்டு பக்கமும் மே மாதக் கடைசியில் சந்தித்தன. நாலு விரல்கடைதான் வித்தியாசம். அடுத்த மலைக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது இங்கேயே சாலை அகலப்படுத்த அளக்கிறேன். வெயில்தான் பழகவில்லை.

அம்மாவுக்கு மருந்து ஊற்றும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். பாதி கன்னத்தில் வழிகிறது. நீ எப்படி ஊற்றினாய் என்று கேட்டால், "அவ ஊத்தறதே தெரியாது" என்கிறாள். ஒன்றரை மாதத்தில் எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. நீ எட்டு வருஷம் இருந்தாய்.

ஆனால் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். அப்பா என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. பேசிக்கொண்டே இருப்பார், நிறுத்துவார், பார்ப்பார். நீ கிளம்பும்போது அவரிடம் சொல்லிவிட்டாயோ என்று உன்மேல் சந்தேகப்பட்டேன். உன் மேசை இழுப்பறையில் என் கடிதம் இருக்கிறதா என்றுகூடத் தேடினேன். இல்லை.

போன வியாழக்கிழமை காலையில் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அவ அங்க நல்லா இருக்காளாமா?"

"இருக்காப்பா."

"எட்டு வருஷம் முன்னாடியே போயிருக்க வேண்டியவ."

என் கை நின்றுவிட்டது. "யாருப்பா சொன்னா? அக்காவா?"

"அவ என்ன சொல்றது. நீ கையெழுத்துப் போட்டு வாங்கினப்ப நான் கட்டில்லதானே படுத்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு."

"அப்ப ஏன்ப்பா கேக்கல?"

"நீ ஏன் குடுக்கல?"

வெட்டின நகங்களைத் தாளில் கூட்டினேன். "அந்தக் காலையும் வெட்டிவிடு" என்று அடுத்த காலை நீட்டினார். வெட்டிவிட்டேன்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதினால் உனக்கு அப்பாவும் இல்லாமல் போய்விடுவார். எழுதாவிட்டால் மறுபடி உனக்கு வர வேண்டியதை நான் மறைத்தவனாவேன். மறைக்க எனக்கு இனித் தெம்பில்லை.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா கண்ணாடி போட்டுக்கொள்கிறாளா?

இங்கே தினமும் உங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேரிடம் பேசுகிறேன். அவர்கள் சொல்வதை எதிர்த்துப் பேசக்கூடாது, ஏன் என்று அழுத்திக் கேட்கக்கூடாது என்பது எங்கள் விதி. உங்களிடம் அந்த விதி கிடையாது.

தம்பி எல்லாம் எழுதியிருந்தான். எனக்கு இந்த மாதம் பதினெட்டாம் தேதியிலிருந்து மூன்று நாள் விடுப்பு. வீட்டுக்கு வருகிறேன். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று இருக்கக்கூடாது. நீங்கள் சொல்ல வேண்டும். நேரில் முடியாவிட்டால் அதற்கு முன்னால் எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 9

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். தம்பியை எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று, எழுத்து கோணலாக இருக்கும்.

அன்றைக்கு அவன் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். உறை மேல் அச்சடித்திருந்த பேரையும் பார்த்தேன். நீ விண்ணப்பத்தை என்னிடம் காட்டியிருந்தாய், அதனால் தெரிந்தது. சாயங்காலம் கொடுப்பான் என்று இருந்தேன். நீ வந்து கேட்டாய், அவன் இல்லை என்றான். நான் அடுத்த அறையில் இருந்தேன். எழுந்து வர முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். காலில்தான் கட்டு, வாயில் கட்டு இல்லை.

நான் கேட்டிருந்தால் நீ போயிருப்பாய். நீ போனால் எங்களை யார் பார்ப்பது என்று நினைத்தேன். அவன் இருந்தாலும் பணிவிடைக்கு ஆகிறவன் இல்லை என்று அப்போது நினைத்தேன். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அவன் சின்னப் பையன், பயத்தில் செய்தான். நான் யோசித்துச் செய்தேன். அதனால் அவனைவிட என்மேல்தான் நீ கோபப்பட வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ டம்ளரைக் கொண்டுவந்து வைப்பாய். சொல்லாமல் குடிப்பேன்.

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளைத் தப்பாக நினைக்காதே. தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள். "எட்டு வருஷமா அவ கையால சாப்பிட்டீங்களே" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நீ பதினெட்டாம் தேதி வா. முதலில் அம்மாவோடு பேசு. என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

அப்பா